பால்மரங்களை வெட்டுவதற்குள் ஒரு கேமரா

சுங்கை சிப்புட்

அன்புள்ள கமலா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாமியிடம் சொல்லிவிடு. இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பால்மரக்காட்டை, அதுதான் நம் ரப்பர் காட்டை, வெட்டப் போகிறார்கள். தோட்டக் கணக்கர் கிராணி வீட்டு அக்காதான் சொன்னார். தீபாவளி கழிந்ததும் லோரி வருமாம், அப்புறம் அங்கேயும் செம்பனைதான். கோலகங்சாரில் 1877-இல் நட்டதில் மிஞ்சிய மரத்தை இன்னும் காத்து வைத்திருக்கிறார்கள். நம் அம்மாக்கள் விடியாத இருட்டில் தலைவிளக்கோடு போய்ச் சீவிய மரங்களுக்கு அப்படி யாரும் இல்லை. போகிற காட்டை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் அதை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், ஒருமுறையாவது படமெடுத்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால் கேமரா விஷயத்தை இனியும் தள்ளிப்போட முடியாது.

புதிதாக ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், அதாவது பெரிய சென்சாரும் உள்ளே ஆடி இல்லாததுமான கேமரா, வாங்கு என்று நீ ஃபோனில் சொன்னாய் அல்லவா, அதில் எனக்குச் சம்மதமில்லை. ஒளியைப் பிடிக்கிற சென்சாரில் இருக்கும் சிலிக்கன், அலைநீளம் ஏறத்தாழ 350 நானோமீட்டரிலிருந்து 1100 வரையுள்ள ஒளியை உணரும். நம் கண் பார்ப்பது 400 முதல் 700 வரைதான். மீதி ஒளியும் சேர்ந்தால் நிறம் கெட்டுவிடும் என்று சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியைப் பொருத்தித்தான் கேமராவை விற்கிறார்கள். அதைக் கழற்றி, பதிலுக்குத் தெளிவான குவார்ட்ஸ் கண்ணாடியை வைத்தால்தான் நமக்கு வேண்டிய ஒளி உள்ளே வரும். எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கினாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும், பிரித்ததும் வாரன்டி போய்விடும். அதற்குப் பழைய கேமரா பாடியே (லென்ஸ் இல்லாத உடல்) போதும்.

ஃபியூஜிஃபிலிம் 2015-இல் எக்ஸ்-டி1 ஐஆர் என்று ஒன்றை வெளியிட்டது. தடயவியல், மருத்துவம், அறிவியல் வேலைகளுக்காகச் செய்தது. 380 முதல் 1000 நானோமீட்டர் வரை பார்க்கும். அகச்சிவப்புக்கு அருமையான பொருள். ஆனால் 380 என்பது புற ஊதாவின் ஓரம் மட்டுமே, எனக்கு அதற்கும் உள்ளே போக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மிரர்லெஸ்தான் வேண்டும் என்பதில் மட்டும் நான் உன் பக்கம். ஆடி வைத்த உன் பழைய நிக்கானில், அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஆர்72 ஃபில்டரை மாட்டிக்கொண்டு பட்ட பாடு மறக்குமா? வியூஃபைண்டர் கும்மிருட்டு. ஃபில்டரைக் கழற்றி ஃபோகஸ், திரும்ப மாட்டு, பல வினாடி காத்திரு, அதற்குள் காற்றடித்து இலையெல்லாம் புகையாகிவிடும். அந்தப் புகையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டி, 'இது என் பாணி' என்று மணியத்திடம் சொன்னவள் நீ! மாற்றியமைத்த மிரர்லெஸ்ஸில் சென்சார் பார்ப்பதைத்தான் வியூஃபைண்டரும் காட்டும். ஃபோகஸும் சென்சாரிலேயே நடப்பதால், அகச்சிவப்பில் ஃபோகஸ் தள்ளிப்போகும் தொல்லையும் இல்லை. வெயிலில் முக்காலி இல்லாமல் கையிலேயே பிடித்து எடுக்கலாம்.

அகச்சிவப்புப் படத்தில் பால்மர இலை எப்படி வெள்ளையாகும் என்று நம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொள்ளும், அகச்சிவப்பை விட்டுவிடும். இலைக்குள்ளே உயிரணுக்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் நடுவில் அது சிதறித் திரும்பி வருகிறது. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படிப்பட்ட படங்களை 1910-இல் வெளியிட்டார், அதனால்தான் இதற்கு வுட் விளைவு என்று பெயர். சூட்டைக் காட்டும் தெர்மல் கேமரா வேறு, இது வேறு என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் மணியடித்துவிட்டது.

இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். செம்பனைத் தோட்டச் சாலை ஓரமெல்லாம் டர்னெரா செடி வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பாய். வெளிறிய இதழும் நடுவில் கருமையுமாகக் காலையில் விரியும் பூ. செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுக்களை ஒழிக்கிற குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று வைப்பது அது. தேனீக்களுக்குப் புற ஊதா தெரியும். பல பூக்களில் நம் கண்ணுக்கு ஒரே நிறமாக இருக்கிற இதழில், புற ஊதாவில் மட்டும் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் வளையமும் கோடும் இருக்கும். டர்னெராவில் என்ன இருக்கிறது? தினமும் பள்ளிக்குப் போகிற வழியில் அதைக் கடந்து போகிறேன், பூச்சி பார்ப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே இருக்கிறது, கமலா. எனக்கு மட்டுமில்லை, பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும்.

இதில் பாடியைவிட லென்ஸ்தான் ஆளும். இப்போதைய லென்ஸ்களில் கண்ணாடித் துண்டுகள் அதிகம், பூச்சும் ஒட்டுப்பசையும் அதிகம். எல்லாம் சேர்ந்து புற ஊதாவை மறித்துவிடும். நிக்கான் இதற்கென்றே யுவி-நிக்கார் 105 மில்லிமீட்டர் செய்தது, அதன் விலை நம் கைக்கு எட்டாது. ஆனால் இருட்டறையில் படம் பெரிதாக்கப் பயன்பட்ட பழைய இஎல்-நிக்கார் 80 மில்லிமீட்டர், எஃப் 5.6, ஏறத்தாழ 350 வரை ஒளியை விடும் என்று பேர் வாங்கியது. அதில் ஃபோகஸ் வளையம் கிடையாது, நீண்டு சுருங்கும் ஹெலிகாய்ட் குழாயில் மாட்ட வேண்டும். இங்கேயும் மிரர்லெஸ்தான் கைகொடுக்கிறது. சோனி இ மவுண்டில் சென்சாருக்கும் லென்ஸ் வாய்க்கும் இடைவெளி 18 மில்லிமீட்டர்தான், உன் நிக்கானில் 46.5. அந்த மிச்ச இடத்தில் குழாயும் அடாப்டரும் தாராளமாக உட்காரும்.

ஃபில்டரிலும் ஒரு பொறி இருக்கிறது. புற ஊதாவை விடும் கருங்கண்ணாடிகளில் பல, அகச்சிவப்பையும் கொஞ்சம் கசியவிடும். சென்சாருக்கு அகச்சிவப்பு மேல் ஆசை அதிகம் என்பதால் அந்தக் கசிவே படத்தை நிறைத்துவிடும், நாம் புற ஊதா என்று ஏமாந்துவிடுவோம். அதனால் அகச்சிவப்பை மறிக்கும் எஸ்8612 போன்ற நீலப்பச்சைக் கண்ணாடியைச் சேர்த்து மாட்ட வேண்டும். அந்த வகைக் கண்ணாடி ஈரக்காற்றில் மங்கிப்போகும், நம் ஊர்க் காற்று உனக்குத் தெரியாததா. டிரை பாக்ஸ் இல்லாமல் இதில் இறங்கவே மாட்டேன்.

ஆக என் முடிவு: 2014-இல் வந்த சோனி ஏ6000, பழையது ஒன்று. சென்சாரை அசைத்து நடுக்கம் குறைக்கும் அமைப்பு அதில் இல்லாததால் பிரிப்பது சற்று எளிது. 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்புக்கு மட்டும் என்று நிரந்தரக் கண்ணாடி வைக்காமல் முழு அலைவரிசைக்கு மாற்றச் சொல்லப் போகிறேன். பால்மரத்துக்கு ஆர்72, பூவுக்குப் புற ஊதா ஃபில்டர் என்று லென்ஸ் முன்னால் மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.

உன் அக்கா மகனிடம் சில விஷயம் கேட்டுச் சொல். சில பாடிகளில் ஷட்டரைக் கண்காணிக்க உள்ளேயே அகச்சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள், மாற்றியபின் அது படத்தில் மூட்டமாக விழும். மூடியைப் போட்டுக்கொண்டு, ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) ஏற்றி, நீண்ட நேரம் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை மாற்றிக் கொடுக்கிறவரே செய்து காட்டுவாரா? அப்புறம் அவன் கொடுப்பதாகச் சொன்ன லென்ஸை, துளையை எஃப் 11-க்குச் சுருக்கி, அகச்சிவப்பில் எடுத்துப் பார்த்தானா? நடுவில் வெள்ளை வட்டம் விழுகிற லென்ஸ் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நீ வந்தாக வேண்டும், சாக்கு எதுவும் எடுபடாது. உன் ஆர்72-ஐ மறக்காமல் எடுத்து வா, லென்ஸுக்கு அளவு சேராவிட்டால் அளவு மாற்றும் வளையம் நான் வாங்கி வைக்கிறேன். காட்டுக்குள் நல்ல வெயில் இறங்குவது பத்து மணிக்கு மேல்தான். டர்னெராவுக்கோ காற்று எழும்புவதற்கு முன்னால் போக வேண்டும், புற ஊதாவில் வெயிலிலும் எக்ஸ்போஷர் நீளும். அதனால் முதல் நாள் இரவே வந்துவிடு. பசியாறப் பார்வதி அக்கா கடையில் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
விஜயா