கண் மட்டத்துக்கு இறங்கி எடு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓணான், அரணை, அந்தப் பச்சைப் பாம்பு எல்லாமே தெளிவாக விழுந்திருக்கின்றன, ஃபோகஸில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாமே நீ நின்றபடி கீழே பார்த்து எடுத்தவை. அப்படி எடுத்தால் முதுகுதான் வரும், முகம் வராது. அதோடு பக்கத்தில் கிடக்கிற சருகும் குச்சியும் கேமராவுக்கு ஏறக்குறைய அதே தூரத்தில் இருப்பதால் அவையும் பளிச்சென்று விழுந்து, எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் கண் அலைகிறது.

தரையில் படுத்துவிடு. லென்ஸ் ஓணானின் கண் உயரத்துக்கு வந்ததும் பின்னணி பல அடி தூரத்துக்குத் தள்ளிப் போய்த் தானாகவே மங்கிவிடும், ஓணான் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து பார், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

விரியன் மாதிரி விஷப் பாம்பாக இருந்தால் மட்டும் பக்கத்தில் படுக்கக் கூடாது, இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். பல பாம்புகள் தங்கள் உடல் நீளத்தில் பாதி தூரம் வரை பாய்ந்து கொத்தும், சில அதற்கும் மேலே போகும், அதனால் உடல் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருந்து 300 மி.மீ. லென்ஸில் எடு. தள்ளிப் போகப் போகப் பார்க்கும் கோணமும் தாழ்ந்துகொண்டே வரும், குந்தி உட்கார்ந்தாலே ஏறக்குறைய கண் மட்டம் கிடைத்துவிடும்.

அடுத்தது, உன் படங்களில் தலை எப்போதும் நட்டநடுவில் இருக்கிறது. ஃபோகஸ் புள்ளியை நடுவிலேயே வைத்திருப்பதால் வருவது இது. அதைப் பக்கவாட்டில் நகர்த்திக் கண்மேல் வை, அது பார்க்கிற பக்கம் கொஞ்சம் இடம் விடு. வாலையும் பார்த்துக்கொள். ஓணானுக்கு உடலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான வால், அகலவாட்டில் அடக்கப் பார்த்தால் உடம்பு சின்னதாகிப் போகும், அதனால் கேமராவைச் செங்குத்தாகப் பிடி, இல்லையென்றால் மூலைக்கு மூலை சாய்வாக வருகிற இடத்துக்கு நீ நகர்ந்து போ. முழு உடம்பும் வேண்டும், அல்லது தலை மட்டும் போதும் என்று எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள். வால் நுனி மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே போன படம் எவ்வளவு நல்ல வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தாலும் உறுத்தும்.

மேக்ரோவில், அதாவது மிக நெருக்கத்தில் எடுக்கும்போது, தலை முழு ஃப்ரேமையும் நிரப்பினால், லென்ஸ் துளை அகலத் திறந்திருக்கும் எஃப் 2.8-இல் தெளிவாக வருவது மிக மெல்லிய ஒரு பட்டைதான். மூக்கு வந்தால் கண் வராது. எஃப் 8 முதல் 11 வரை வை, அதைத் தாண்டித் துளையை ரொம்பவும் குறுக்கினால் படம் முழுக்கவே கூர்மை குறையும். பாம்பு நாக்கு நீட்டுவதைப் பிடிக்க ஷட்டர் 1/1000 நொடியாவது வேண்டும், காற்றிலுள்ள வாசனையை நாக்கில் ஏந்தி மேலண்ணத்தில் உள்ள உறுப்புக்குக் கொண்டுபோகிற கணம் அது, காத்திருந்து எடுக்கத் தகுந்தது.

வெளிச்சத்துக்குக் காலைதான். உடம்புச் சூட்டுக்கு வெயிலை நம்பியிருக்கிற உயிர்கள், வெயில் ஏறுகிற முதல் ஒரு மணி நேரம் மெதுவாக, ஒரே இடத்தில் கிடக்கும், வெளிச்சமும் சாய்வாக மென்மையாக விழும். உச்சி வெயிலில் செதில் பளபளத்து வெள்ளையாக வெளுத்துப்போகும், லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற போலரைசர் வடிகட்டியைப் போட்டுத் திருப்பினால் அந்தப் பளபளப்பு ஓரளவு அடங்கும்.

பாம்புக்கு இமை கிடையாது, கண்மேல் ஒரு தெளிவான செதில் மூடியிருக்கும். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு அது பால் படர்ந்த மாதிரி நீலமாக மங்கும், அப்போது பாம்புக்குப் பார்வை சரியாக இருக்காது, எளிதில் மிரளும். அப்படி ஒன்றைக் கண்டால் படம் வேண்டாம், விட்டுவிட்டு வா. அசையாமல் இருக்கட்டும் என்று ஊர்வனவற்றைக் குளிரூட்டிக் கிடத்தி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. பல்லியைப் பிடித்து இடம் மாற்றுவதும் வேண்டாம், வால் துண்டித்துப் போனால் அதில் சேர்த்து வைத்த கொழுப்பும் போய்விடும்.

உன் படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது நீ கடைசியில் போனால் போகிறதென்று சேர்த்த அந்த ஒன்று. பச்சைப் பாம்பு மூலையில் சின்னதாக, மீதி எல்லாம் கிளையும் இலையும். அது எங்கே வாழ்கிறது, எப்படி மறைகிறது என்று அந்த ஒரு படம்தான் காட்டுகிறது. நெருங்கிப் போய் முகத்தை எடுப்பதில் உனக்கு ஆசை அதிகம், தெரியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் இப்படி ஒன்றையும் எடு.

பொதுவில் போடும் முன் படத்தில் பதிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடு, பிடித்து விற்பவர்களும் அதைப் பார்ப்பார்கள். எனக்கு அனுப்பும்போது மட்டும் ஓரம் வெட்டாத படங்களாகவே அனுப்பு, எங்கே நின்று எடுத்தாய் என்று அதில்தான் எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா