ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள மகனே,

போனில் நீ சொன்னதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றாய், ஆனால் உன் கஷ்டம் அவருக்கும் தெரிய வேண்டும். அவர் கோபப்படவில்லை. "நாலு வருஷம் தொழில் படிச்ச பையனைக் குப்பை அள்ள விட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் மாடுகளைப் பார்க்கப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

எனக்கும் அதுதான் ஆறவில்லை. இங்கே அயர்லாந்தில் ஏழு கட்டப் பயிற்சியையும் முடித்துச் சான்றிதழோடு போன எலக்ட்ரீஷியன் நீ. அங்கே உரிமம் இல்லாமல் ஒரு சுவிட்சைக்கூட நீயாக மாட்டக் கூடாதாம். திறன் மதிப்பீடு, அந்த ஊர் விதிகளுக்கான கூடுதல் படிப்பு, இன்னொருவர் மேற்பார்வையில் வேலை, எல்லாம் முடிந்தால்தான் முழு உரிமமாம். விதி இருப்பதைக் குறை சொல்லவில்லை, மின்சாரம் விளையாட்டில்லை. ஆனால் கடற்கரையில் நின்று படம் போடுகிற உன் நண்பர்களில் ஒருவராவது இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். இரண்டாம் வருட வேலை-விடுமுறை விசாவுக்காக 88 நாள் பண்ணை வேலையை முணுமுணுக்காமல் செய்தாய். அந்த விசாவிலும் பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது என்பதால், போகப்போகிற ஆள்தானே என்று நல்ல வேலை எதையும் கொடுப்பதில்லை என்றாய். நாற்பது டிகிரி வெயிலில், கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே படுத்துக்கொண்டு நீ கேபிள் இழுப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. கொஞ்ச நாளாகச் சம்பளம் கையில் காசாக வருகிறது, சம்பளச் சீட்டு கிடையாது என்று போகிற போக்கில் சொன்னாயே, அது.

உன் பெரிய மாமாவை உனக்கு அவ்வளவாக நினைவிருக்காது. 1967-ல் வேல்ஸ் துறைமுகமான ஹோலிஹெட்டுக்குக் கப்பலேறி, அங்கிருந்து லண்டன் போனவர். அங்கே க்ரிக்கிள்வுட் பகுதியின் பெரிய தெருவில் விடியும் முன்பே நம் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். வேன் வரும். மேஸ்திரி ஆளை மேலும் கீழும் பார்த்துப் பொறுக்குவார். வாரக் கூலி பப்பில் வைத்துத்தான். காசோலையாகத் தந்தால் பப் முதலாளியே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மாற்றித் தருவார். மாற்றியவன் அங்கேயே குடிக்காமல் எழுந்து வர முடியாது. வரிப் பிடித்தமும் இல்லை, ஓய்வூதியத்துக்குக் கணக்காகும் அரசுக் காப்பீட்டு முத்திரையும் இல்லை. அன்றைக்கு அது லாபமாகத்தான் தெரிந்தது. விக்டோரியா சுரங்க ரயில் பாதை தோண்டிய மனுஷனுக்கு அறுபத்தைந்து வயதில் முழு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. அவர் அத்தனை வருடம் உழைத்ததற்குத் தாளில் சாட்சி இல்லை.

அவர் ஊருக்கு வந்ததெல்லாம் சாவுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் புது சூட், சட்டைப்பையில் மடிப்புக் கலையாத நோட்டு. குழந்தைகளுக்கெல்லாம் கொடுப்பார். எல்லாம் கடன் வாங்கியது என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது. வயதான காலத்தில் ஊர் திரும்ப நினைக்கிறவர்களுக்கு வீடு கிடைக்க உதவும் சேஃப் ஹோம் அமைப்பு நம் மேயோ மாவட்டத்தில், முல்ரனியில்தான் இருக்கிறது. அங்கே விண்ணப்பம் வாங்கி அனுப்பினேன். "வெறுங்கையோட வந்து யார் முகத்துல முழிக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். க்ரிக்கிள்வுட்டில் ஒற்றை அறையிலேயே அவர் காலம் முடிந்தது. அவர் சோம்பேறியும் இல்லை, முட்டாளும் இல்லை. வெட்கம்தான் அண்ணனைத் தின்றது.

நீ போனில் "பக்கத்து வீட்டில் சொல்லிடாதே அம்மா" என்றபோது எனக்கு அண்ணன் குரல் கேட்டது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

1840-களின் பஞ்ச காலத்திலிருந்தே பிள்ளைகளை வழியனுப்பிப் பழகின ஊர் இது. 1950-களில் மட்டும் நாலு லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அதற்கும் முன்னால், அமெரிக்கா போகிறவருக்காக முந்தின இரவு, செத்தவருக்கு விழித்திருப்பது போல ஊரே விடிய விடிய விழித்திருக்குமாம். திரும்ப வர வழியே இல்லாத காலம் அது. உனக்கு அப்படி இல்லை.

வந்துவிடு என்று நான் கெஞ்சவில்லை. இங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். டப்ளின் வாடகை உனக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்குக் கார் காப்பீடு போடுவதே பெரும்பாடு. ஆனால் உன் தொழிலுக்கு இங்கே வேலை இருக்கிறது. கட்டுமானக் கல் பழுதாகி மேயோவிலும் டோனிகாலிலும் எத்தனையோ வீடுகளை இடித்துக் கட்டுகிறார்கள், அத்தனைக்கும் ஒயரிங் வேண்டும். காசில்பாரில் ஒரு கான்ட்ராக்டர் நீ எப்போது வருவாய் என்று அப்பாவிடமே கேட்டார்.

இருப்பதா வருவதா என்பதை நீ முடிவு செய். உரிமம் வாங்கி உன் தொழிலையே அங்கே செய்யப்போகிறாய் என்றால் இரு, படிப்புச் செலவுக்கு நாங்கள் பணம் அனுப்புகிறோம். எது எப்படியானாலும் முதலில் சம்பளச் சீட்டைக் கேள். எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன தந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் முதலாளி உன் ஓய்வூதியக் கணக்கில் கட்டியாக வேண்டும். உன் மாதிரி விசாவில் இருப்பவர்கள் நாடு திரும்பி அதை எடுக்கும்போது 65 சதவீதம் வரியாகப் போய்விடுமாம். அநியாயம்தான், இருந்தாலும் மிச்சம் உன் உழைப்பு. சீட்டு தர மாட்டேன் என்றால் தொழிலாளர் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் ஒர்க் அரசு அலுவலகத்தில் புகார் கொடு. விசாவில் இருப்பவர்களுக்கும் அது பொதுதான்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு, அதாவது உனக்கு இரவு ஒன்பதுக்கு, கூப்பிடு. அப்பா அந்தக் கான்ட்ராக்டரிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்து வைத்திருப்பார். அங்கே உரிமத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று நீயும் கேட்டு வை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா