குமரி மாவட்டத்து வாட்ஸ்அப் அட்மின்களுக்கு: அந்தக் கிரகம் வரவில்லை

அன்புள்ள அட்மின் அண்ணன்மாரே, அக்காமாரே,

பங்கு மக்கள் குழு, ஊர்க் கமிட்டி குழு, விசைப்படகுக் குழு, பழைய மாணவர் குழு, ரப்பர் விலை போடும் குழு என்று நம் மாவட்டத்தில் ஏதாவது ஒரு குழுவில் இல்லாத ஆளே இல்லை. அவற்றை நடத்துகிற உங்களுக்குத்தான் இந்த மடல். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த வாய்ஸ் மெசேஜ் திரும்பத் திரும்ப வருகிறது. சூரியனுக்குப் பின்னால் நிபிரு என்றொரு பெரிய கிரகம் ஒளிந்திருக்கிறதாம், பூமியை நோக்கி வருகிறதாம், நாசாவுக்குத் தெரியுமாம், சொல்ல மாட்டார்களாம். மூன்று நாள் இருட்டு, அரிசியும் மெழுகுதிரியும் வாங்கி வையுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். முன்பு கரகரத்த ஆண் குரலில் வந்தது. இப்போது பின்னணி இசை சேர்த்துத் தெளிவாகவே வருகிறது.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் வந்து, "டீச்சர், எல்லாம் முடியப் போகுதுன்னா ஆண்டுப் பரீட்சைக்கு எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ராத்திரி தூங்குவதில்லையாம். இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. நாசாவில் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்த வானியலாளர் டேவிட் மாரிசனுக்கு 2012-க்கு முன்பு இப்படிப்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. சாக நினைத்த பிள்ளைகளும் அவருக்கு எழுதினார்கள். "சும்மா ஒரு பார்வர்டுதானே" என்று விடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 3,600 வருடத்துக்கு ஒருமுறை சூரியனுக்குப் பக்கத்தில் வந்துபோகும் கிரகம் ஒன்று பண்டைய மெசபடோமியாவின் சுமேரியர்களுக்குத் தெரிந்திருந்தது என்று 1976-ல் சக்கரியா சிட்சின் ஒரு புத்தகம் எழுதினார். அவர் வானியலாளர் அல்ல. அந்தக் காலத்து எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் அவருடைய வாசிப்பை ஏற்கவும் இல்லை. 1995-ல் நான்சி லீடர் என்ற அமெரிக்கப் பெண்மணி, வேற்றுக்கிரகவாசிகள் தன்னிடம் பேசியதாகச் சொல்லி, 2003 மே மாதம் ஒரு கிரகம் பூமியை நெருங்கும் என்றார். 2003 மே வந்தது, போனது. பிறகு அதே கிரகத்தை மாயன் நாட்காட்டியோடு முடிச்சுப்போட்டு 2012 டிசம்பர் 21 என்றார்கள். அதுவும் போனது. அப்புறம் டேவிட் மீட் என்பவர் 2017 செப்டம்பர் 23 என்றார். அன்று ஒன்றும் நடக்காததால் அக்டோபருக்குத் தள்ளினார். நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் எட்டுக் கிரகம் ஒன்றுசேர்ந்தால் உலகம் அழியும் என்று பயந்த 1962-ன் அஷ்டகிரகச் சேர்க்கையையும் 1979-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே வானத்தைப் பார்த்ததையும் சொல்வார்கள். ஸ்கைலாப் கடைசியில் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்கிலும் சிதறியது.

சரி, கிரகம் உண்மையிலேயே வருவதாக வைத்துக்கொள்வோம். 3,600 வருடச் சுற்று என்றால் அதன் பாதை எவ்வளவு நீளம் என்பதைக் கெப்ளரின் விதியை வைத்துப் பத்தாம் வகுப்புக் கணக்காகவே போட்டுவிடலாம். பாதையின் தூரக் கோடி பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய 470 மடங்கு வரும். அங்கிருந்து விழுந்து வரும் பொருள், பூமியை நெருங்குவதற்குப் பத்து வருடம் முன்பே நெப்டியூனின் பாதைக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் முன்பு வியாழன் இருக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். வியாழனைப் பார்க்க யாருக்காவது தொலைநோக்கி வேண்டுமா? அப்படியொன்று வந்தால் முதலில் பார்ப்பது நாசா அல்ல. தூத்தூர், வள்ளவிளை பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்குகிற நம் ஆட்கள் தளத்தில் படுத்துக்கொண்டே பார்த்துவிடுவார்கள்.

"சூரியனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதே" என்பார்கள். பூமி ஒரே இடத்தில் நின்றால்தானே ஒளிய முடியும்? மார்கழி இரவில் உச்சியில் தெரிகிற மிருகசீரிடக் கூட்டம் ஆனியில் சூரியனோடு சேர்ந்து மறைகிறது. ஆடிக் கடைசியில் விடிகாலைக் கிழக்கில் திரும்ப எழுகிறது. சூரியனுக்குப் பின்னால் இன்று இருப்பது சில மாதங்களில் நம் இரவு வானத்துக்கு வந்தே தீரும். சூரியனையும் யாரும் சும்மா விட்டுவைக்கவில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு வருடத்துக்கு மேலாக அதைப் படம் பிடித்து வருகிறது. இஸ்ரோவின் விண்கலம் ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி அந்தப் போட்டோக்கள். கன்னியாகுமரி சன்செட் பாயிண்டில் எடுத்தது, "இரண்டு சூரியன்" என்று சிவப்பு வட்டம் போட்டு வரும். கூட்டத்தில் நிற்கிற எவரும் வெறும் கண்ணால் பார்க்காத இரண்டாவது சூரியன் ஒரே ஒரு போனுக்கு மட்டும் தெரிந்தது எப்படி? அடுத்தமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். திரையில் இரண்டாவது வெளிச்சம் தெரியும்போது போனை மெல்லச் சாய்த்தால் அது சூரியனை விட்டு நகர்ந்து ஓடும். கையை நீட்டிக் கட்டைவிரலால் உண்மையான சூரியனை மறைத்தால் இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். கேமராவின் கண்ணாடி வில்லைகளுக்குள் வெளிச்சம் முட்டித் திரும்புவதால் வரும் பிம்பம் அது; அவ்வளவுதான். (சூரியனை நேரடியாக உற்றுப் பார்க்காதீர்கள், திரையில் மட்டும்.)

"எல்லா நாடும் சேர்ந்து மறைக்கிறது" என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. நம் ஊரில் ஒரு கல்யாணப் பேச்சை ஒரு வாரம் வெளியே தெரியாமல் வைத்திருக்க முடிகிறதா? அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, போதாததற்கு மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களாம். நடப்பது நேர்மாறானது. 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள் 2032 டிசம்பரில் பூமியில் மோத வாய்ப்பு உண்டு என்று கணக்கு வந்தபோது அதை உடனே வெளியிட்டார்கள். 2025 பிப்ரவரியில் அந்த வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியதையும் சொன்னார்கள். கூடுதல் அவதானிப்பு வந்து சில நாட்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கியதையும் சொன்னார்கள். சிறுகோள் தேடுகிற வேலை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. நம் காவலூர் ஆய்வகத்திலிருந்து 1988-ல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் இருக்கிறது.

தெரியாத கிரகமே இல்லை என்று எந்த வானியலாளரும் சத்தியம் செய்யவில்லை. யுரேனஸின் பாதை கொஞ்சம் இழுபட்டதை வைத்தே 1846-ல் லெவெரியே கணக்குப் போட்டார். பெர்லினில் காலே அந்த இடத்தைப் பார்த்து நெப்டியூனைக் கண்டார். கண்ட நாள் செப்டம்பர் 23, மீட் உலகத்தை முடிக்கப் பார்த்த அதே தேதி! 2016-ல் பாட்டிகின், பிரவுன் என்ற இருவர் நெப்டியூனுக்கு வெகு அப்பால் ஒன்பதாவது கிரகம் ஒன்று இருக்கலாம் என்றார்கள். இன்னும் யாரும் அதைப் பார்க்கவில்லை. இருந்தாலும் அது நம் பக்கம் வருவதே இல்லை. சூரியனுக்கு மிக அருகில் வரும்போதும் நெப்டியூனைவிடப் பல மடங்கு தள்ளித்தான் நிற்கும். வைஸ் விண்தொலைநோக்கி அகச்சிவப்பில் வானம் முழுவதையும் துழாவியதை வைத்து 2014-ல் வந்த ஆய்வு, பூமி சூரியன் தூரத்தைப்போல் 10,000 மடங்கு வரை சனி அளவுக்கோ அதற்கு மேலோ அறியாத கிரகம் எதுவும் இல்லை என்று சொன்னது. வீட்டு வாசலில் இருப்பதை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் தேடியிருப்பார்களா?

இதை உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் வானம் அல்ல, கடல். 2004 டிசம்பர் 26 குளச்சலுக்கும் மணக்குடிக்கும் கொட்டில்பாட்டுக்கும் என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய அரசிடமிருந்தே எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பிக் கிளப்பியது அது. கரை முழுக்கச் சனம் மறுபடியும் ஓடியது. அன்று எதுவும் வரவில்லை. 2017 செப்டம்பர் 23-க்கு நிபிரு பேச்சு ஓடிய அதே வருடம், இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தது. முன்பே கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2024 மே மாதம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தபோதே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. தெற்கே எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து அடிப்பதுதான் கள்ளக்கடல். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அதை முன்கூட்டியே சொல்கிறது. உங்கள் குழுவில் அந்த எச்சரிக்கை ஒரு நாள் காலை வரும். அதற்கு மேலேயும் கீழேயும் நிபிருவும் இரண்டு சூரியனும் கிடந்தால் அதை யார் படிப்பார்கள்? எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

அதனால் ஒன்று செய்யுங்கள். உலகம் அழியும் என்று யாராவது அனுப்பினால் அழித்துவிட்டுப் போகாதீர்கள், அவரைக் குழுவை விட்டு நீக்கவும் வேண்டாம். எந்தத் தேதி என்று மட்டும் கேளுங்கள். தேதி சொன்னால் அந்தச் செய்தியை ஸ்டார் போட்டு வையுங்கள். அந்தத் தேதி கழிந்த மறுநாள் காலை அதே குழுவில் அதே செய்தியை அப்படியே திரும்பப் போடுங்கள். இன்காய்ஸின் அலை எச்சரிக்கை வந்தால் அதை மேலே பின் பண்ணுங்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு நம் ஊர்ப் பேச்சிலேயே வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள். வதந்தி பரவுவது குரலில்தான், பதிலும் குரலில் போகட்டும்.

இன்னொன்றுக்கு இப்போதே தயாராகுங்கள். அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, பூமிக்கு மேலே ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கிறது. நம் டிவி சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்களைவிடக் கீழே. நம் நேரப்படி 14-ஆம் தேதி அதிகாலை மூன்றே கால் வாக்கில், தமிழ்ப் புத்தாண்டு விடிவதற்குள். மோதாது, குறைந்தது நூறு வருடத்துக்கு மோதாது என்று 2021-லேயே ரேடார் அளவீடுகளை வைத்து நாசா சொல்லிவிட்டது. பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, சித்திரை ஒன்று, மூன்றும் ஒரே இடத்தில். கதை கட்டுபவர்கள் இதை விடவே மாட்டார்கள். 2029 மார்ச் மாதமே உங்கள் குழுவில் இதைப் பற்றி ஒரு செய்தி போய்விட வேண்டும். எழுதித் தர நான் இருக்கிறேன், குரலில் வேண்டுமானால் குரலிலும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் டீச்சர்களில் ஒருத்தி