இரவல் தந்தவர்களுக்கு

என் முதல் சிறுகதைத் தொகுப்பை வாசித்த பலர், "மயிலிட்டியை இவ்வளவு அச்சொட்டாக எழுதியிருக்கிறீர், எத்தனை வயதுவரை அங்கே இருந்தீர்?" என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்து வடகரையில் கிடக்கும் அந்த மீன்பிடி ஊரில் நான் ஒருநாள்கூட இருக்கவில்லை. எங்கள் வீட்டார் 1990இல் யுத்தத்தால் ஊரை விட்டு வெளிக்கிட்டார்கள். நான் பிறந்தது 1996இல், சுன்னாகத்தில் ஒரு முகாமில். 2017 யூலையில் இராணுவம் துறைமுகத்தை விட்ட பிறகுதான் எங்கள் ஊர்க் கடலைக் கண்டேன். எனக்கென்று இருந்த அனுபவம் தகரக் கொட்டிலும் தண்ணீர் வரிசையும்தான். மிச்சமெல்லாம் இரவல்.

முதல் நன்றி பெரியப்பாவுக்கு. கார்த்திகை இரவில், கண்ணாடிபோலக் கிடக்கும் கடலில் ஒருவன் வலை விடுவதாக ஒரு கதை தொடங்கியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாடை அடிக்கிற மாசத்தில எங்கட கடல் சும்மா கிடக்குமோ? உன்ர ஆள் வள்ளத்தோட தாண்டுபோவான்" என்றார். சரி என்று கதையை, எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும் சோளகக் காற்றுக் காலத்துக்கு மாற்றினேன். மாற்றியதும் கரையில் காத்திருக்கும் மனைவியின் பயத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அந்த இடத்தில் சம்மாட்டியிடம், அதாவது வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளியிடம், பட்ட வலைக்கடன் வந்து குந்திக்கொண்டது. முந்தியதைவிட இது நல்ல கதை.

பெண்களைப் பற்றிய மூன்று கதைகளும் அக்காவின் தயவு. கதை கேட்கப் போன வீடுகளில் எனக்கு விறாந்தையில் தேத்தண்ணி தந்தார்கள். கதை நடந்தது குசினிக்குள். அக்கா மீன் வெட்டிக் கொடுத்தபடி கேட்டு வந்து, பஸ்ஸில் எனக்குச் சொல்லுவாள். சிலதைச் சொல்ல மறுத்தாள். அதற்கும் நன்றி.

யாழ் பொது நூலகத்தில் நான் கேட்ட பழைய இதழ்கள் சிலவற்றுக்கு "அது 81இல் எரிந்தது" என்பதே பதில். அந்த வருடம் 97,000 வரையான நூல்கள் போயின. ஆனாலும் அங்குள்ளவர்கள் சலிக்காமல் தேடித் தந்தார்கள். 2005 முதல் இணையத்தில் பழைய மலர்களையும் இதழ்களையும் ஏற்றிவரும் 'நூலகம்' என்ற நிறுவனத்தாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

காணிப் பதிவு பார்க்கப் போன ஒரு கந்தோரில் மூன்று தரமும் "நாளைக்கு வாரும்" என்றார்கள். ஆகவே காணிக் கதை தொகுப்பில் இல்லை.

பெரியப்பாவுக்குக் கண் மங்கல்; பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாளாம். ஏழாம் பக்கத்தில் இன்னொரு பிழை பிடித்துவிட்டாராம். ஞாயிறு வருகிறேன், பெரியப்பா.