கண்ணு, நைனா எழுதுகிறேன்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது லேபில் என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டேன். “அது செல்லுக்குள்ள நடக்கிற விஷயம் நைனா, சொன்னா உனக்குப் புரியாது” என்றாய். களைப்பில் சொன்னாய், தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்குக் களி இறங்கவில்லை, அம்மா இரண்டு தரம் கேட்டாள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் இந்தப் பத்து நாளாக ராத்திரியில் மோட்டார் போடக் காத்திருக்கிற நேரத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் கிடைத்ததைப் படித்தேன், கிடைக்காததைத் தம்பியை விட்டுச் சொல்லச் சொன்னேன்.

செடி தண்ணீர் இல்லாமல் வாடும்போது சத்தம் போடுகிறதாமே. இஸ்ரேலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் 2023-இல் கண்டதை வெளியிட்டிருக்கிறார்கள். தக்காளிச் செடிக்கும் புகையிலைச் செடிக்கும் பக்கத்தில் மைக் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் போதுமான செடி மணிக்கு ஒரு சத்தம்கூடப் போடுவதில்லை, காய்கிற செடி மணிக்கு முப்பது, நாற்பது தடவை டிக் டிக் என்கிறது. அந்தச் சத்தத்தின் சுருதி 40-இலிருந்து 80 கிலோஹெர்ட்ஸ், நம் காதுக்கு 20-க்கு மேல் கேட்காது. செடி அழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. தண்டுக்குள் தண்ணீர் ஏறுகிற குழாயில் காற்றுக் குமிழி உண்டாகி உடைவதால் வருகிற சத்தமாக இருக்கும் என்கிறார்கள். படித்ததும் எனக்கு நம் கிணறுதான் ஞாபகம் வந்தது. சித்திரையில் தண்ணீர் அடியில் போய்விட்டால் மோட்டார் காற்று இழுத்துப் படபடவென்று அடிக்குமே, பைப்பே உதறுமே, நீ சின்னப் பிள்ளையில் பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொள்வாயே, அதேதான். அவ்வளவு பெரிய குழாயில் நடப்பது ஒரு தக்காளித் தண்டில் நடக்கிறது. இது எனக்குப் புரியாதா கண்ணு?

நம் முள் கத்தரியை யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம், அப்படியே ஒரு மைக்கும் கொண்டுவந்து வைத்தால் தேவலை. தக்காளி, புகையிலை, கத்தரி எல்லாம் ஒரே குடும்பம்தானே. நேற்று மூன்று மணி வெயிலில் மேல் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கத்தரி இலையெல்லாம் ஓரம் சுருண்டு, காம்பு தளர்ந்து, முதுகு தெரிகிற மாதிரி தொங்கியது. முள் மட்டும் விறைப்பாக நின்றது. ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் தண்டின் பக்கத்தில் காதை வைத்தேன்.

அதே டெல் அவிவ்காரர்கள் 2025-இல் இன்னொன்று சொன்னார்கள். ஒரு வகைப் பெண் அந்துப்பூச்சிக்கு அந்தச் சத்தம் கேட்கிறதாம். நல்ல தக்காளிச் செடி இரண்டு வைத்து, ஒன்றின் பக்கத்தில் மட்டும் காய்கிற செடியின் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓட்டினால், பூச்சி சத்தமில்லாத செடிக்குப் போய் முட்டை வைக்கிறது. குஞ்சுப் புழு தின்ன நல்ல இலை வேண்டுமில்லையா! மல்லாட்டை இலையைத் தின்கிற வெட்டுப்புழுவின் சொந்தக்காரப் பூச்சி அது. எத்தனை வருஷம் மருந்தடித்திருக்கிறேன், ராத்திரியில் அது செடி செடியாகக் கேட்டுக் கேட்டு இடம் பார்க்கலாம் என்று நினைத்ததே இல்லை.

அப்புறம் உன் விஷயத்துக்கு வந்தேன். கால்சியம் என்று நீ ஒரு தரம் வாய் தவறிச் சொன்னது ஞாபகம் இருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் டொயோட்டா என்கிற ஜப்பான்காரரும் கில்ராய் என்பவரும் 2018-இல் எடுத்த வீடியோவைத் தம்பி காட்டினான். ஒரு கம்பளிப்புழு இலையைக் கடிக்கிறது. கடித்த இடத்திலிருந்து பச்சை வெளிச்சம் கிளம்பி, இலை நரம்பு வழியாக ஓடி, ஓரிரண்டு நிமிஷத்தில் தூரத்து இலைகளுக்குப் போய்விடுகிறது. அந்த வெளிச்சம் கடல் சொறிமீனிலிருந்து எடுத்த புரதத்தால் வருவதாம், செல்லில் கால்சியம் ஏறும் இடத்தில் பளிச்சென்று தெரியுமாம். கடிபட்ட செல்லிலிருந்து கசிகிற குளூட்டமேட்தான் அந்தச் சேதியைக் கிளப்புகிறது. நம் மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி சொல்வதும் அதே சரக்கு, அஜினமோட்டோவில் இருப்பதும் அதே சரக்கு! நாலு தரம் பார்த்தேன். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். “பாப்பா இதைத்தான் பண்ணுதா?” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீ இதைத்தான் செய்கிறாயா?

மே 2025-இல் ஜீனைத் திருத்திய நெல் இரண்டு வெளியிட்டார்களே, அதில் ‘கமலா’ நம்ம பி.பி.டி. நெல்லிலிருந்து வந்தது, இருபது நாள் முன்னதாக அறுப்புக்கு வருமாம். அதைப் பற்றி நிறையக் கேட்க வேண்டும், அது இன்னொரு கடிதத்துக்கு.

இப்போது நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். பெரிய அத்தை பையனுக்கு ரத்தம் உறையாத வியாதி என்று உனக்குத் தெரியும், ஹீமோஃபிலியா, ரத்தத்தை உறைய வைக்கிற எட்டாம் நம்பர் சத்து ரத்தத்தில் இல்லை. ஒன்பது வயதில் கிணற்றுப் படியில் முட்டி இடித்து, கால் வீங்கி, ஒரு இடத்தில் சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரியெல்லாம் ஈரத் துணி மாற்றிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு வியாதியைக் கண்டுபிடித்த டாக்டர் “இது தாய் வழியாக வருவது” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஒரு வரியை அக்கா இருபத்தைந்து வருஷமாகச் சுமக்கிறாள். மாமியார் வீட்டில் எத்தனை பேச்சு.

மூன்றில் ஒரு பங்கு பேருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், ஜீனில் புதிதாக வந்த மாற்றத்தால் இது வருகிறது என்று இந்த வாரம்தான் படித்தேன். தாய் வழியாக வந்தாலும் அதில் அவள் செய்த குற்றம் என்ன இருக்கிறது? இதை அவளிடம் உட்கார்ந்து சொல்ல அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை.

நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலேயே இதற்கு ஜீன் வைத்தியம் செய்து 2024 டிசம்பரில் வெளியிட்டிருக்கிறார்கள். 22-இலிருந்து 41 வயதுவரை ஐந்து பேர். அவரவர் உடம்பில் ரத்தத்தை உண்டாக்குகிற மூல செல்லை எடுத்து, எய்ட்ஸ் கிருமி குடும்பத்து வைரஸ் ஒன்றில் நோய் தரும் பாகத்தை நீக்கி அதை வண்டி மாதிரி வைத்துக்கொண்டு, எட்டாம் சத்துக்கான ஜீனை அந்தச் செல்லில் ஏற்றி, திரும்ப உடம்பிலேயே விட்டிருக்கிறார்கள். நடுவில் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யக் கடுமையான மருந்தும் உண்டு. கவனித்துவந்த காலம் வரைக்கும் ஐந்து பேருக்கும் ரத்தக் கசிவே வரவில்லை. பாகாயம் வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம், அந்த சி.எம்.சி. சுவருக்குப் பின்னால் இந்த வேலை நடக்கிறது என்று தெரியாமலே.

அக்காவிடம் நான் சொல்லிப் பார்த்தேன். “உனக்கு யாரு சொன்னது, போன்ல வந்ததெல்லாம் நம்பாதே” என்கிறாள். நீ சொன்னால் நம்புவாள். இந்த வைத்தியம் அவள் பையனுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பதை நீ சொல்ல வேண்டாம், அது டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். தாய் வழி என்றால் என்ன, செல்லுக்குள் என்ன நடக்கிறது, ஏன் அது அவள் தப்பில்லை, இவ்வளவுதான். போனில் வேண்டாம், தமிழில் இரண்டு பக்கம் எழுது. அவள் மடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பாள். எனக்கும் ஒன்று எழுது, உன் லேபில் என்ன செய்கிறாய் என்று. புரியாத இடத்தில் கோடு போட்டு அனுப்புகிறேன், மறுபடி சொல்லு.

குளிருக்குக் காதை மூடிக்கொள். விதைக் கத்தரி நாலு காய் பழுக்க விட்டிருக்கிறேன். கரண்ட் வந்துவிட்டது, மேல் பாத்திக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும்.

நைனா