“துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?”

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு வயது 46. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடை வரை காலிபர் (காலைத் தாங்கும் உலோகச் சட்டம்), கையில் ஊன்றுகோல். திண்டுக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆண்டு காலிபரின் முழங்கால் பூட்டு தேய்ந்து, நடக்கும்போதே மடங்க ஆரம்பித்தது. சென்னை கே.கே.நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் புதிதாக அளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். அளவு கொடுக்க ஒரு தடவை, போட்டுப் பார்க்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை. இத்தனை பயணத்துக்கும் ரயில்தான் எனக்குச் சரி. பேருந்தில் இரவு முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்தால் மறுநாள் இடுப்பை அசைக்க முடியாது.

ரயிலில் எங்களுக்குச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் குறையும். துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை. என்னிடம் யூடிஐடி கார்டு, அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. என்ன ஊனம், எத்தனை சதவீதம் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் ரயில்வேயின் சலுகை அட்டைக்கு நான் விண்ணப்பித்தபோது அது போதவில்லை. அவர்களுடைய படிவத்தில் அரசு மருத்துவர் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

சரி என்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். இணைப்புச் சக்கரம் பொருத்திய என் ஸ்கூட்டரில், தனியாக. இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும் மருத்துவர் படிவத்தைப் படித்தார். வாசலில் இருந்து மேசை வரை நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். “துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?” என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். படிவத்தில் ஒரு வரியின் மேல் பேனாவை வைத்துக் காட்டினார். ‘துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்’ என்று இருந்தது. “நீங்கதான் தனியா வந்திருக்கீங்களே, நான் எப்படி இதில் கையெழுத்துப் போடுறது?” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் ஸ்கூட்டரில் வருவது வேறு. ராத்திரி இரண்டு நிமிடம் நிற்கிற ரயிலில், கையில் பையோடு, உயரமான அந்த இரும்புப் படிகளில் ஏறுவது வேறு. அதுவும் நம் பெட்டி பிளாட்பாரத்தின் கடைசியில் போய் நின்றால் என்ன செய்வது? கஷ்டப்பட்டாவது தானே போய் வரக் கற்றுக்கொண்டவனுக்குச் சலுகை இல்லை என்றால் அது என்ன நியாயம்?

அடுத்த வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அவர் தையல் யூனிட்டில் தினக்கூலி. அன்றைய கூலி போயிற்று. இந்தத் தடவை கையெழுத்து கிடைத்தது. வீட்டுக்கு வந்து ரயில்வே இணையதளத்தில் ஏற்றினால், சில நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போட்டோவின் மேல் மருத்துவமனை முத்திரை விழவில்லையாம். மறுபடி ஒரு நாள். கடைசியில் அட்டை கிடைத்துவிட்டது, இல்லை என்று சொல்லவில்லை.

என் நண்பர் நிலைமை இதைவிட மோசம். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, ஆனால் கொஞ்சம் பேசுவார். காது கேளாதவர்களில், பேசவும் முடியாதவருக்குத்தான் ரயில் சலுகை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை ஊனங்கள் இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ரயில்வேயின் மாற்றுத்திறனாளி சலுகை மட்டும் இன்னும் நாலே வகையில் நிற்கிறது. நம் மாநிலத்தில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் எங்களுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமே இல்லை. அங்கே யாரும் என்னை நடந்து காட்டச் சொன்னதில்லை.

ரயில்வே அமைச்சகம் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். யூடிஐடி கார்டில் இருப்பதையே ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசே பரிசோதித்துக் கொடுத்த கார்டுதானே அது?

அதுவரைக்கும் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மருத்துவர் கையெழுத்துப் போட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். முத்திரை பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழுந்திருக்கிறதா, மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அப்புறம், வீட்டில் இருந்து யாரையாவது உடன் அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.