ஆறு இஞ்ச் பந்து போதும்

அன்பு பாப்பாவுக்கு,

நேற்று நீ போன் செய்தபோது நான் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கீழே கலவை காய்ந்துகொண்டிருந்தது, அதனால் அவசரமாக "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. தோள் இறுக்கத்துக்குக் கதாயுதம் சுற்றிப் பழகலாமா என்று நீ ஆசையாகக் கேட்டாய், நான் பாதி பதில் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

புனேயில் உன் தெருவுக்குப் பின்னால் ஒரு தாலீம் இருக்கிறது, விடியற்காலையில் பையன்கள் கழி நுனியில் கல் உருண்டை வைத்த கதாயுதத்தைச் சுழற்றுகிறார்கள் என்று சொன்னாய். நம் பக்கத்திலும் குஸ்தி பழகும் இடத்துக்குத் தாலிம்கானா என்றுதான் பெயர். தாலீம் என்பது அரபுச் சொல், கற்பித்தல் என்று அர்த்தம். உன் தாத்தா அங்கே தண்டால், பஸ்கி எடுத்துவிட்டுக் கர்லாக்கட்டை சுற்றுவார். கர்லா ஒரே மரத்தில் கடைந்தது, பிடி ஒல்லியாகவும் அடி பருத்தும் இருக்கும். கதாயுதத்தில் கழி நீளம், பாரம் முழுக்க நுனியில். இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்றுதான்: பாரம் கையில் இல்லை, கையை விட்டுத் தள்ளி இருக்கிறது.

இதை உனக்கு எப்படிச் சொல்வது? சின்ன வயதில் நீ வீட்டு வேலை நடக்கும்போது மண்வெட்டியில் மணல் அள்ளப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? காம்பின் கடைசியில் இரண்டு கையையும் வைத்துத் தூக்கினாய், அசையவில்லை. உன் ஒரு கையை இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன், உடனே தூக்கிவிட்டாய். மணல் குறையவில்லை, தூரம்தான் குறைந்தது. கதாயுதமும் அதேதான். நாலு கிலோ உருண்டையை ஒட்டிக் கழியைப் பிடித்தால் வெறும் நாலு கிலோ. மூன்றடி தள்ளிப் பிடித்தால் மணிக்கட்டு நடுங்கும். ஜிம்மில் இருக்கும் டம்பெல்லில் கைக்கு இரண்டு பக்கமும் ஒரே எடை, அது பேசாமல் இருக்கும். இது எந்நேரமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்குத் தோளைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னத் தசைகளெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். தோள் மூட்டுக்குக் கிண்ணம் ஆழமில்லை பாப்பா. நாலு தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கை எலும்பின் பந்துமுனை அதில் நிற்கிறது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கையை முன்நீட்டி உட்கார்ந்திருக்கிற உனக்கு, கை தலைக்குப் பின்னால் போய் வருகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்? டாக்டரும் எலும்பில் ஒன்றும் இல்லை, இறுக்கம்தான் என்று சொல்லிவிட்டார். அதனால் நீ கேட்டது நல்ல விஷயம்தான்.

நான் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் வேறு. இருபத்து நாலு வயதில் நானே ஒன்று செய்தேன். கொத்தனார் மகன், சிமென்ட்டுக்குப் பஞ்சமா? ஆறு இஞ்ச் பந்து ஒன்று, எட்டு இஞ்ச் பந்து ஒன்று அச்சுக்குக் கிடைத்தது. இரண்டு இஞ்ச்தானே என்று பெரியதை எடுத்தேன். ஆறு இஞ்ச் உருண்டை சுமார் நாலு கிலோ வரும். எட்டு இஞ்ச் கிட்டத்தட்ட பத்து கிலோ. உருண்டை அப்படித்தான், அகலம் கொஞ்சம் ஏறினால் எடை தாறுமாறாக ஏறும். தினமும் கலவை கலக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதுவும் போதாதென்று உள்ளே கூடாக இருக்கும் மூங்கிலில் ஆணி எதுவும் அடிக்காமல் அப்படியே ஊன்றி வார்த்துவிட்டேன். ஐந்தாம் நாள் மூங்கில் விரிசல் விட்டு, சுற்றும்போதே உருண்டை கழன்று பறந்தது. உன் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். ஒரு சாண் தள்ளிச் சுவரில் போய் மோதியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவனிடம் இன்றுவரை அதைப் பற்றி நான் பேசியதில்லை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். உள்ளே கூடான மூங்கில் வேண்டாம், கல்மூங்கில்தான் வேண்டும். உள்ளே துளையே இல்லாமலோ, மிகச் சிறிய துளையோடோ இருக்கும். நாலடி வெட்டி, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். உருண்டைக்குள் போகிற ஐந்து இஞ்ச்சில் முதலில் துளை போட்டுக்கொண்டு, பெரிய ஆணிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி அடிக்க வேண்டும். துளை போடாமல் அடித்தால் மூங்கில் பிளக்கும். ஆறு இஞ்ச் பிளாஸ்டிக் பந்தில் வாய் வெட்டி, ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், கொஞ்சம் பொடி ஜல்லி சேர்த்து, தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலந்து, குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். கழி நேராக நிற்கக் கட்டிவைத்து, மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றித் தண்ணீர் விட வேண்டும். இருபத்தெட்டு நாள் கழிந்துதான் கையில் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பிடிப்பு இருக்காது.

அதுவரை சும்மா இருக்காதே. துடைப்பக் கழியை எடுத்துக்கொள். கால்களைத் தோளகலம் வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நில். கழியை மார்புக்கு முன் செங்குத்தாகப் பிடி, ஒரு கைக்கு மேல் இன்னொரு கை. வலது தோளுக்கு மேலாகப் பின்னால் இறக்கி, முதுகுக்குப் பின் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடவிட்டு, இடது தோள் வழியாக முன்னால் இழு. இழுக்கும்போது மூச்சை விடு. இடுப்பு பின்னால் வளைந்தால் உடனே நிறுத்து. அது பாரம் அதிகம் என்பதற்கு அடையாளம். பின்னால் போன நுனியைக் கையால் பறிக்காதே, அது ஆடித் திரும்பி வரும் நேரத்துக்குக் காத்திரு. உன் தாத்தா கர்லா சுற்றும்போது பக்கத்தில் நின்றால் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்கும், அவர் மூச்சு வாங்கிப் பார்த்ததே இல்லை.

உருண்டை கைக்கு வந்த பிறகும் முதலில் கழியின் நடுவில் பிடி. ஒரு பக்கத்துக்குப் பத்துச் சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். பழகப் பழக ஒரு விரல் அளவு கீழே இறங்கு. அப்படி இறங்கினாலே பாரம் ஏறிவிடும், வேறு உருண்டை தேவையே இல்லை. மொட்டை மாடியில் மட்டும் செய், ஃபேன் இருக்கும் அறையில் வேண்டாம், பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன் உருண்டையை இரண்டு கையாலும் திருகிப் பார். இம்மி அசைந்தாலும் தூரப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்.

இது கிழவர்கள் விஷயமா என்று கேட்டாய். வெள்ளைக்கார ராணுவம் இங்கே கர்லாவைப் பார்த்து அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனது. அப்புறம் 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவதே ஒரு போட்டியாக இருந்தது. தாலீம் பையன்களிடம் கூச்சப்படாமல் போய்ப் பேசு, வாத்தியார் யாராவது இருந்தால் உன் தோளைப் பார்க்கச் சொல். நான் எழுதுவதைவிட அவர் கண் நன்றாகச் சொல்லும்.

கல்மூங்கில் வெட்டி வைத்திருக்கிறேன். வார்ப்பதை நானே செய்கிறேன், அதை வேறு யாரிடமும் விட எனக்கு மனசு வராது. பிடி உன் கைக்குப் பொருந்த வேண்டும். இன்று ராத்திரி ஒரு வெள்ளைத் தாளில் உன் வலது கையை விரித்து வைத்துச் சுற்றி வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பு. அளவு தெரிய, தாளில் ஒரு ஸ்கேலையும் பக்கத்தில் வை.

அப்பா